முப்பத்தேழாவது இலை

காலை ஐந்தே முக்கால்.
லா பாஸ் இன்னும் விடியவில்லை.
மேலே எல் ஆல்ட்டோவின் விளக்குகள்
கிண்ண விளிம்பில் காய்ந்த சோற்றுப் பருக்கைகள்.
கனத்த கதவைத் திறந்து
நான்தான் முதலில் உள்ளே போகிறேன்.
குளிர்நீர்க் குழாயைத் தொட்டுப் பார்க்கிறேன்.
மானியை நம்பாமல் அல்ல.
வழக்கம்.

இந்த உயரத்தில் காற்று மெலிவு.
கடலோர நாட்டில் எழுதிய கையேடு
பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் பொய் சொல்லும்.
கதிரை அளக்கும் சிறு குப்பிக்குள்
மூன்றில் இரண்டு பங்கு காற்றுதான் இருக்கிறது.
வந்த எண்ணை ஒன்றரையால் பெருக்கி
உதடு அசைய எழுதுவார் உரியோனா,
மளிகைக் கணக்குப் பார்ப்பவர் போல.

இன்று எண் வரவில்லை.
திரையில் சிவப்பு:
இடப்பக்கம், இலை முப்பத்தேழு.

நூற்றிருபது இலைகள் இந்தப் பொறிக்கு.
தளிர்த்தவை அல்ல, டங்ஸ்டன் தகடுகள்.
உரசி உரசி நகர்ந்து
கட்டியின் வடிவத்தில் ஒரு சன்னல் திறப்பவை,
தண்டுவடம் தப்பிக்க,
உமிழ்நீர் ஊறும் இடம் தப்பிக்க.
முப்பத்தேழு வர மறுக்கிறது.
அதன் மோட்டார்
என் சுண்டுவிரல் தடிமன்.

புதியது வாங்கியாயிற்று.
ஆரிக்கா துறைமுகத்தில் இறங்கி
மலையேறி வந்து
பட்டாகமாயா பக்கம் எங்கோ நிற்கிறது.
ஒன்பது நாளாய்ச் சாலை மறியல்.
பாறைகளை உருட்டிப் போட்டவர்களில்
என் சித்தப்பா மகனும் ஒருவன்.
அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.
போனில் கெஞ்சினேன்.
"லாரி எண்ணைச் சொல்லுக்கா, விடச் சொல்றேன்."
லாரி எண் எனக்குத் தெரியவில்லை.
யாருக்கும் தெரியவில்லை.

பெஞ்சுகளில் இருபத்து மூன்று பேர்.
முதல் ஆள் காசிமிரோ யுஹ்ரா.
மினிபஸ் வாசலில் தொங்கிக்கொண்டு
நிறுத்தங்களின் பெயரை
முப்பது வருடம் கூவியவர்.
தொண்டையில்தான் வந்திருக்கிறது.
இப்போது கைபேசியில் எழுதிக் காட்டுகிறார்:
"இன்றும் இல்லையா?"
நேற்று இல்லை. முந்தாநாளும் இல்லை.
விட்ட நாள்களுக்கு வட்டி உண்டு என்று
உரியோனாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.
அவரிடம் யாரும் சொல்லவில்லை.
சொல்லித்தான் தெரிய வேண்டும்
என்பது போலவும் அவர் பார்க்கவில்லை.

ஓரத்து இலைகளுக்கு வேலை குறைவு.
பெரும்பாலும் மூடிக் கிடப்பவை.
பதினோராம் இலையின் மோட்டாரைக் கழற்றினேன்.
"அதனிடம் கேட்டாயா?" என்றாள் டெல்ஃபினா,
சிரிக்காமல்.
திருகு ஒன்று விழுந்தது.
விழுந்த சத்தம் கேட்கவில்லை.
டார்ச்சோடு இரண்டு பேர்
நாற்பது நிமிடம் தரையில் தவழ்ந்தோம்.
என் சட்டைக்கை மடிப்பில் இருந்தது.

நல்லது நடுவுக்கு,
நைந்தது ஓரத்துக்கு.
ஆடும் நாற்காலியைச்
சுவர்ப்பக்கம் தள்ளிவைக்கும் புத்தி, அவ்வளவுதான்.
ஆனாலும் பதிவேட்டில் ஒளிக்கவில்லை:
எதிலிருந்து எடுத்தேன், எதில் போட்டேன்,
மணி, கையெழுத்து.
எழுதாமல் விட்ட பழுது
அடுத்து வருபவரின் கையைக் கடிக்கும்.

நூற்றிருபதும் ஓடித் திரும்பின.
சோதனைப் படத்தில்
வேலிக்கம்பிகள் போல நேர்க்கோடுகள்.
உரியோனா ஒன்றரையால் பெருக்கினார்.
அழித்துவிட்டு
இன்னொரு முறை பெருக்கினார்.
"போடலாம்."

பத்து நாற்பது.
காசிமிரோ படுத்தார்.
வலை முகமூடியை டெல்ஃபினா
நாலு பக்கமும் மாட்டினாள்.
கதவு மெதுவாக வந்து மூடியது.
கேமராவில் அவர் நெஞ்சு ஏறி இறங்கியது.
நான் அதைப் பார்க்கவில்லை.
பக்கத்துத் திரையில்
முப்பத்தேழு நகர்ந்தது,
நின்றது,
(மூச்சை விடாமல் இருந்தேன்)
நிற்க வேண்டிய இடம்தான்,
மறுபடி நகர்ந்தது.

வெளியே வந்தவர் கன்னமெல்லாம்
வலையின் தடம்.
எழுதிக் காட்டினார்:
"நாளை?"
பதினோராம் இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும்
அந்த நைந்த மோட்டாரை நினைத்தபடி
"வாருங்கள்" என்றேன்.

என் கைபேசி அதிர்ந்தது.
சித்தப்பா மகன்.
"அக்கா, எண் கிடைச்சுதா?
இங்க நிக்கிற லாரி
நானூறுக்கு மேல."